இளமைக் காயமும் போதையின் பிடியும்

போதைப்பொருளைத் தொட்டவர் அனைவரும் அதற்கு அடிமையாகிவிடுவதில்லை. ஒருவர் விலகிவிட, மற்றொருவர் அதிலேயே மூழ்கிப்போகிறார். மூழ்கியவரை 'மனவுறுதி அற்றவர்' என்று ஒதுக்குவது நமக்கு எளிது. ஆயின், அவரது உடல் இளமையிலேயே ஊறுபட்டிருத்தல் கூடும் என்பதனை ஆய்வுகள் உணர்த்துகின்றன.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்னும் மருத்துவர் 1980களில் உடற்பருமனுக்குச் சிகிச்சை அளித்து வந்தார். எடை நன்கு குறைந்தவர்களே சிகிச்சையைக் கைவிட்டுச் செல்வது கண்டு வியப்புற்றார். வினவியபோது, அவர்களுள் பலர் குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் எனத் தெரிந்தது. நாம் நோயென்று கருதும் மிகையுணவு அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது! பின்னர் அவரும் ராபர்ட் ஆண்டாவும் 17,000க்கும் மேற்பட்டோரின் இளமைத் துன்பங்களைக் கேட்டறிந்து, 1998 முதல் முடிவுகளை வெளியிட்டனர். அடி, வசை, புறக்கணிப்பு, பெற்றோர் பிரிவு, வீட்டில் குடிகாரர் இருத்தல் எனத் துன்பங்கள் வகைப்படுத்தப்பட்டன. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களுக்கு ஆளானோரிடம், ஏதுமறியாதோரைவிடப் போதைப்பொருட் சிக்கல் 7 முதல் 10 மடங்கு மிகுந்திருந்ததாக 2003இல் வெளியான கட்டுரை கூறிற்று. இவர்களுள் பெரும்பாலோர் கல்வியும் மருத்துவக் காப்பீடும் பெற்ற நடுத்தர வகுப்பினர். வறுமைமேல் பழிபோட இங்கு வழியில்லை.

இஃது எங்ஙனம் நிகழ்கிறது? அச்சம் நேருங்கால் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. அச்சம் நீங்கியதும் மூளை அச்சுரப்பை அடக்குகிறது. அச்சமே வாழ்க்கையானால் அவ்வடக்கும் ஆற்றல் பழுதுறுகிறது. மான்ட்ரியல் நகரில் மைக்கேல் மீனி குழுவினர் எலிகளிடம் இதனை ஆராய்ந்தனர். தாய் மிகுதியாக நக்கிப் பேணிய குட்டிகளின் மூளையில் கார்ட்டிசாலை உணரும் ஏற்பிகள் மிகுந்திருந்தன. அவை எளிதில் அமைதியுற்றன. பேணப்படாத குட்டிகளிலோ அவ்வேற்பிக்குரிய மரபணுவின்மீது வேதிப்பூட்டு விழுந்திருந்தது. குட்டிகளைப் பிறந்தவுடன் தாய்மாற்றி வைத்தபோது, பெற்ற தாயன்று, வளர்த்த தாயே அதனைத் தீர்மானித்தாள். ஓயாத பதற்றத்தில் வளர்ந்த மூளைக்கு, இன்பவுணர்வோடு தொடர்புடைய டோப்பமின் ஒழுங்கும் குலைதல் கூடும். அத்தகையவருக்குப் போதை முதன்முதலில் களிப்பாக அன்று, நிம்மதியாகவே வந்து வாய்க்கிறது. இதுவே நாம் அஞ்சத்தக்கது.

எனினும் இது தலையெழுத்தன்று. மிகுந்த துன்பம் கண்டும் போதையை நாடாதோர் பலர். குடும்ப மரபுக்கும் இதிற் பங்குண்டு. மேலும், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட எலிக்குட்டிகளைப் பின்னர்த் துணையும் விளையாட்டும் மிக்க கூண்டில் வளர்த்தபோது, அவற்றின் மிகைப் பதற்றம் தணிந்ததனை அதே குழுவினர் 2002இல் அறிவித்தனர்.