தண்டவாளம் போன வழியில் 273 கிலோமீட்டர்

கனடாவின் மிகச் சிறிய மாகாணம் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. அதன் மேற்குக் கோடியில் இருக்கும் டிக்னிஷ் என்ற சிற்றூரில் நடக்கத் தொடங்கினால், கிழக்கே எல்மைரா வரை ஒரே பாதை. 273 கிலோமீட்டர். நாளுக்கு இருபது கிலோமீட்டர் நடப்பவருக்கு இரண்டு வாரம் ஆகும்.

கான்ஃபெடரேஷன் டிரெயில் என்ற இந்தப் பாதையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1871இல் வேலை தொடங்கியபோது ஒப்பந்தக்காரருக்கு மைல் கணக்கில் பணம் பேசியிருந்தார்கள். மேட்டை வெட்டினால் செலவு. சுற்றிக்கொண்டு போனால் மைலுக்கு மைல் காசு. போதாததற்கு ஒவ்வொரு ஊரும் ரயிலைத் தன் பக்கம் இழுத்தது. பாதை பாம்பாய் நெளிந்தது, கடன் கழுத்தை நெரித்தது. தனித்தே இருப்போம் என்றிருந்த தீவு 1873இல் கனடாவோடு இணைந்ததற்கு இந்தக் கடன் ஒரு முக்கியக் காரணம்.

1989இல் ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு அந்த நிலம் துண்டு துண்டாகக் கைமாறிப் போயிருக்கலாம். மாகாண அரசு அதை வாங்கி, கல்தூள் பரப்பி இறுக்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கொடுத்தது. எத்தனை நல்ல காரியம்! ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் நூறு அடிக்கு இரண்டடிக்கு மேல் ஏற்றம் கிடையாது. முழங்கால் வலி உள்ளவரும் தைரியமாக நடக்கலாம். அன்று கஜானாவைக் கரைத்த வளைவுகள்தான் இன்று நடையை அலுக்கவிடாமல் வைத்திருக்கின்றன. ஒரு திருப்பத்தில் உருளைக்கிழங்கு வயல், அடுத்ததில் சதுப்பு, அதற்கடுத்து மேப்பிள் நிழல். உழுத வயல்களில் மண் செங்கல் நிறத்தில் கிடக்கும்; மண்ணில் இருக்கும் இரும்பு துருவேறிய சிவப்பு அது.

மோரெல் என்ற ஊரைத் தாண்டியதும் செயின்ட் பீட்டர்ஸ் விரிகுடா வந்துவிடும். தண்ணீர் பாதையை ஒட்டியே வரும். தண்ணீரின் மேல் வரிசை வரிசையாக மிதவைகள். ஒவ்வொரு வரிசைக்கும் கீழே ஒரு நீளக் கயிறு, கயிற்றிலிருந்து தொங்கும் வலைப்பைகள், வலைக்கண்ணைப் பிதுக்கிக்கொண்டு கருநீலச் சிப்பிகள். வயலைப் பார்த்து நடந்து வந்த கண்ணுக்கு அதுவும் ஒரு வயலாகத்தான் தெரியும். இந்த ஒரு நாள் நடையை மட்டும் அவசரப்பட்டு முடித்துவிடக் கூடாது.

ஊருக்கும் ஊருக்கும் நடுவே கடை எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பாதை பனி வண்டிகளுக்குப் போய்விடும். ஜூன் கடைசியில் போனால் லூப்பின் பூக்கள் ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கூடவே வரும்.

எல்மைராவில் பாதை பழைய ரயில் நிலையத்தில் வந்து முடிகிறது. அந்தக் கட்டடம் இப்போது ரயில்வே அருங்காட்சியகம். முதுகுச் சுமையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போகலாம்.