எடுத்தது யார்?

கடைப் பெட்டியில் இருந்த 500 ரூபாயைக் காணோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்காரரான மானேஜர் விசாரிக்கிறார்.

“அவர்தான் பணத்தை எடுத்தார்” என்று சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளை ஆங்கிலத்தில், “ஹி ஒன்லி டுக் தி மணி” என்கிறார்.

மானேஜர் திகைக்கிறார்! “அவர் பணத்தை எடுத்தார், அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை” என்று அவருக்குப் பொருள்படுகிறது. குற்றம் சாட்டப் போனவர், பரிந்து பேசியவராக ஆகிவிட்டார்!

காரணம் என்ன?

தமிழில் “தான்” வேறு, “மட்டும்” வேறு. “தான்” ஆளை அழுத்திக் காட்டும். “மட்டும்” மற்றதை விலக்கும். ஆங்கிலத்தில் “ஒன்லி” என்பது “மட்டும்” என்ற வேலையைத்தான் செய்கிறது. இந்தியர் பலர் அதைத் “தான்” வரும் இடத்திலும் போடுகிறார்கள். அவர்களுக்குள் குழப்பம் இல்லை. வெளிநாட்டாருக்குத்தான் புரிவதில்லை.

அப்படியானால் எப்படிச் சொல்வது?

பேசும்போது “ஹி” என்ற சொல்லை அழுத்திச் சொன்னால் போதும். எழுதும்போது, “இட் வாஸ் ஹி ஹூ டுக் தி மணி” என்று எழுதலாம். “எடுத்தது அவர்தான்” என்பது அப்போது தெளிவாகும்.

சொல் நிற்கும் இடமும் முக்கியம். “இவன் என் மகன்தான்” என்பதற்குப் பலர் “மை சன் ஒன்லி” என்கிறார்கள். அதையே “மை ஒன்லி சன்” என்று மாற்றினால், “என் ஒரே மகன்” என்று ஆகிவிடும்.

மனு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். நான்கு மகன்களைப் பெற்றவர் “ஒன்லி” என்பதை இடம் மாற்றிப் போட்டால், மூன்று பேர் காணாமல் போய்விடுவார்கள்!