ஜீப்புக்குத் துரு எடுக்கும்போது மூச்சுக்கு வினை தேடாதீர்கள்



"வண்டிக்குச் சாயம் சுரண்டுகிற வேலைக்கும் டிரெசருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதை நானே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

பட்டறையில் வேலை செய்த ஒரு தம்பி இருமலோடு என்னிடம் வந்தார். ராத்திரி படுத்தால் இருமல், நெஞ்சைக் கட்டிப்போட்டது போல இறுக்கம். இருமல் மருந்து கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடியும் அதே மருந்தைக் கொடுத்தேன். மூன்றாவது தடவை வந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. "என்ன வேலை தம்பி செய்றே?" என்று கேட்டேன்.

"பழைய ஜீப்புக்குச் சாயம் சுரண்டுறேன் ஐயா. அப்புறம் பின்தொட்டிக்கு ரெண்டு டின் கலந்து கறுப்புப் பூச்சு அடிக்கிறோம்" என்றார்.

"லீவு நாளில் இருமல் எப்படி?"

"லீவில நல்லாத்தான் இருக்கு. வேலைக்குப் போனா திரும்பவும் வந்துடுது."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வேலையினால் வந்த ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னார். இன்று அந்தத் தம்பி சாயப் பட்டறைப் பக்கமே போக முடியாது. முதல் நாளே அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

வண்டிக்கு ஏன் காப்புப் பூச்சு?

நம் தோட்டத்து வண்டிகள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். காட்டுச் சாலையின் கல்லும் சேறும் அடிப்பாகத்தைத் தேய்க்கின்றன. பின்தொட்டியில் உர மூட்டை ஏற்றுகிறோம். பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு. அது சிந்தி மழை ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரித்துத் தின்றுவிடும். ரப்பர் பாலைக் கட்ட வைக்கும் அசிட் சிந்தினாலும் அதே கதிதான். இதைத் தடுக்கத்தான் இப்போது ரப்பர் மாதிரி தடித்த பூச்சை அடிக்கிறார்கள். நல்ல பூச்சுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எந்தப் பூச்சும் அழுக்கின் மேலும் துருவின் மேலும் ஒட்டாது. ஆகவே பூசுவதற்கு முன்னால் கழுவ வேண்டும், சுரண்ட வேண்டும், தேய்க்க வேண்டும், துடைக்க வேண்டும். பூசுகிற வேலையை விட இந்த முன்வேலைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். பலர் உடம்பைக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். "பூச்சு அடிக்கும்போது மாஸ்க் போட்டால் போதும், சுரண்டும்போது எதற்கு?" என்ற எண்ணம் தவறு. வேலையின் ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கழுவுதல்

சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். சக்கர வளைவுகளிலும் அடிச்சட்டத்திலும் ஒட்டியிருக்கும் மண்ணைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து எடுங்கள். உர உப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். அது உள்ளே இருந்தால் பூச்சுக்கு அடியிலேயே துரு வளரும்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் சிலர் பெட்ரோலைத் துணியில் நனைத்துத் துடைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. வருடக்கணக்கில் அதை முகர்ந்தால் இரத்தப் புற்றுநோய் வரலாம். பிசுக்கு எடுப்பதற்கென்றே விற்கும் மருந்தைக் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள். ஒரு துணியால் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் தேய்த்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. துடைத்த துணிகளை மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள்.

கையுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் சீவி எடுக்கும் பாலில் செய்த சாதாரண ரப்பர் கையுறை பெட்ரோலிலும் தின்னரிலும் உப்பி இளகிவிடும். இந்த வேலைக்கு நைட்ரைல் கையுறை வேண்டும்.

இரண்டாம் படி: பழைய சாயத்தையும் துருவையும் எடுத்தல்

மிகவும் கவனிக்க வேண்டிய படி இது. பழைய வண்டிகளின் சாயத்தில் காரீயம் கலந்திருக்கும். மஞ்சள், ஆரஞ்சு நிறச் சாயங்களிலும், இரும்புக்கு அடிக்கும் பழைய சிவப்பு அடிச்சாயத்திலும் இதை அதிகம் எதிர்பார்க்கலாம். பழைய லேண்ட் ரோவர் வண்டிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. 1948-இல் வெளிவந்த நாள் முதல் அதன் மேல்தகடுகள் பெரும்பாலும் அலுமினியம், அடிச்சட்டம் இரும்பு. அலுமினியத்தில் சாயம் எளிதில் பிடிக்காது. அதற்காக அடிக்கும் பழைய அடிச்சாயங்களில் துத்தநாகக் குரோமேட் இருந்தது. அந்தத் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு.

கிரைண்டரை வைத்துக் காய்ந்த சாயத்தைத் தேய்த்தால் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறக்கும். காரீயம் மூச்சு வழியாகவும், கழுவாத கையில் பிடிக்கும் சிகரெட், உண்ணும் ரொட்டி வழியாகவும் உடம்புக்குள் போய் எலும்பில் தங்கிவிடும். வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். வயிற்றை முறுக்கும் வலி, மலச்சிக்கல், சோகை, எரிச்சல் குணம், கை கால் தளர்ச்சி எல்லாம் இதன் அறிகுறிகள்.

ஆகவே முடிந்த வரை தண்ணீர் விட்டு ஈரமாகத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்துங்கள். ஈரத்தில் தூள் பறக்காது. மின்சாரக் கருவியை ஈரத்தில் வைத்து வேலை செய்யாதீர்கள், அது வேறு ஆபத்து. கருவியால்தான் எடுக்க வேண்டும் என்றால் தூளை உறிஞ்சும் வசதியுள்ள கருவி வேண்டும். முகத்தில் கட்டும் துண்டும் கைக்குட்டையும் இந்தத் தூளைத் தடுக்காது. இரண்டு பட்டையுள்ள, மூக்கில் இறுக்கிப் பிடிக்கும் என்-95 வகை மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும் என்பதை மறவாதீர்கள். கண்ணாடியும் போட வேண்டும். கம்பி பிரஷ் சுழலும்போது ஒரு கம்பி தெறித்தால் கண் போய்விடும்.

ஆற்று மணலைக் காற்றோடு பீய்ச்சித் துரு எடுக்கும் வழக்கமும் உண்டு. உடைந்த மணல் தூள் நுரையீரலில் தழும்பு போடும். அந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். தழும்பை மாற்ற மருந்து இல்லை. பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டிலேயே இப்படி மணலைப் பயன்படுத்துவதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நமக்கு மட்டும் என்ன இரும்பு நுரையீரலா?

சாயத்தைக் கரைக்கும் மருந்துகள் சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். அது உடம்புக்குள் போய் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய கொட்டகையில் அதை வைத்து வேலை செய்தவர்கள் இறந்ததுண்டு. நெஞ்சு நோய் உள்ளவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

துருவை மாற்றும் மருந்து ஓர் அசிட். கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரால் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் கழுவுங்கள். கழுவிய பிறகு கிளினிக்குக்கு ஓடி வாருங்கள். கழுவாமல் ஓடி வந்தால் வழியிலேயே கண் வெந்துவிடும்.

மூன்றாம் படி: அடிச்சாயமும் பூச்சும்

சுரண்டிய இரும்பை நம் நாட்டு ஈரக் காற்றில் ஓர் இரவு விட்டால் காலையில் மறுபடி செம்மை படர்ந்திருக்கும். எனவே ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவு மட்டும் சுரண்டி, அன்றே அடிச்சாயம் அடிப்பது நல்லது. வெறும் கையால் தகட்டைத் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பூச்சை ஒட்டவிடாது.

இரண்டு டின்னாக வந்து, கலந்து அடிக்கும் கடினமான பூச்சுகள் பலவற்றில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு. டின்னின் எச்சரிக்கையில் அந்தப் பெயரைப் பாருங்கள். மூக்கால் இதை நம்ப முடியாது. வாசனை தெரிவதற்கு முன்பே கெடுதல் அளவைத் தாண்டியிருக்கும். ஒரு தடவை உடம்பு இதற்கு எதிரியாகிவிட்டால் பிறகு துளியளவு பட்டாலும் மூச்சுத் திணறல் வரும். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான். இதைப் பீய்ச்சி அடிக்கிறவருக்குத் தூள் மாஸ்க் போதாது. குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாத பட்டறையில் இந்தப் பூச்சைப் பீய்ச்சக் கூடாது. அடிப்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் அதே ஆபத்து.

தாய்மார்களுக்கு

இப்போது பிள்ளைகள் சேர்ந்து பழைய ஜீப் வாங்கி, வீட்டுப் பக்கத்திலேயே வைத்துச் செப்பனிடுகிறார்கள். ஆசையைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் குழந்தைகள் விளையாடும் இடத்திலும், துணி காயும் கொடியின் பக்கத்திலும், கிணற்றடியிலும் சாயம் சுரண்ட விடாதீர்கள். விழுங்கிய காரீயத்தைச் சிறு குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக ஏற்றுக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பில் மந்தம் என்று பிள்ளையை அடிக்கிறோமே, காரணம் அப்பாவின் சட்டைத் தூளாகவும் இருக்கலாம்.

வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அழுக்கு உடையை உதறாதீர்கள். தனியாகத் துவையுங்கள். சுரண்டிய தூளை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் எடுத்துப் பையில் கட்டுங்கள். பட்டறையில் காற்றுக் குழாயால் சட்டையை ஊதிச் சுத்தம் செய்வதும் தவறு.

முக்கியமாக, மிச்சத் தின்னரைக் குடிக்கும் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தண்ணீர் என்று குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு தின்னர் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், போத்தலையும் எடுத்துப் போங்கள்.

உங்கள் உரிமை

சம்பளத்துக்காகச் செய்யும் வேலை என்றால் மாஸ்க்கையும் கையுறையையும் உங்கள் காசில் வாங்க வேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்புச் சாமான்களைக் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்குப் பணம் பிடிக்கக் கூடாது. மருந்து டின்களோடு வரும் பாதுகாப்புத் தாளைக் கேட்டுப் பாருங்கள். புரியாவிட்டால் சங்கக் கிளைச் செயலாளரிடம் கொண்டு போங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதைச் சொல்லியும் நிர்வாகம் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையை 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தந்திருக்கிறது. வேலையினால் வந்த ஆஸ்துமாவும் காரீய நோயும் சொக்சோவின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. டாக்டரிடம் காகிதம் வாங்கி முறையாகப் பதியுங்கள்.

கடைசியாக ஒன்று. இருமல், நெஞ்சு இறுக்கம், வயிற்று வலி என்று கிளினிக்குக்கு வரும்போது, என்ன வேலை செய்கிறீர்கள், லீவு நாளில் நோய் குறைகிறதா என்பதை நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மருந்துப் பெட்டியில் இல்லாத விடை அந்த ஒரு வார்த்தையில் இருக்கலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். ஜீப்பின் தகடு ஓட்டையானால் வெட்டி எடுத்துவிட்டு வேறு தகடு ஒட்டலாம். நுரையீரலுக்கு அப்படி ஒட்டுப் போட எந்தப் பட்டறையும் இல்லை.