கிளவுடில் இருக்கும் படம் கட்டுரையில் ஏன் தெரிவதில்லை?

கொச்சி வெலிங்டன் தீவையும் எறணாகுளத்தையும் இணைக்கும் வெண்டுருத்தி பாலத்தைச் செல்போனில் படமெடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, படத்தின் முகவரியைத் தன் பயணக் கட்டுரையில் ஒட்டுகிறார் ஒருவர். அவர் திரையில் படம் பளிச்சென்று இருக்கிறது. மதுரையிலிருந்து படிக்கும் நண்பருக்கோ மூலை கிழிந்த சின்னம் ஒன்றுதான் தெரிகிறது. படம் அழிந்துவிட்டதோ என்று பதறி, மறுபடியும் ஏற்றிப் பார்ப்பவர்கள் பலர். பெரும்பாலும் படம் வைத்த இடத்தில் பத்திரமாகவே இருக்கும். அதைக் கேட்டு வாங்கும் வழியில்தான் எங்கோ சிக்கல்.

இணையப் பக்கத்துக்குள் படம் கிடையாது. படத்தின் முகவரி மட்டுமே உண்டு. 1993 பிப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் முன்வைத்த ஏற்பாடு இது. 'இந்த முகவரியில் ஒரு படம் இருக்கிறது, போய் எடுத்து வா' என்று பக்கம் சொல்லும். படிப்பவரின் பிரவுசர் தனியாக ஒரு கோரிக்கை அனுப்பிப் படத்தை வாங்கி வந்து ஒட்டும். எழுத்து முழுதாக வந்துசேர்ந்து படம் மட்டும் வராமல் போவது இதனால்தான்.

அந்தக் கோரிக்கைக்குச் சர்வர் ஒரு மூன்றிலக்க எண்ணைப் பதிலாகத் தரும். கொச்சித் துறைமுகத்தையே உவமையாகக் கொள்வோம். வெலிங்டன் தீவில் மட்டாஞ்சேரி வார்ஃப், எறணாகுளம் வார்ஃப் என்று அதற்கு இரண்டு பக்கம் உண்டு. எறணாகுளம் வார்ஃபில் இருக்கும் சரக்கை மட்டாஞ்சேரி வார்ஃபில் போய்க் கேட்டால், அப்படி ஒன்று இங்கே இல்லை என்பார்கள், அது 404. சரியான இடத்துக்கே போயும் கேட் பாஸ் இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள், அது 403. இரண்டுக்கும் திரையில் வருவது அதே கிழிந்த சின்னம். ஆனால் மருந்து வேறு. கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றினால் அந்த எண் தெரியும்.

அதைவிட எளிய சோதனையும் உண்டு. படத்தின் முகவரியை நகலெடுத்து, இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அங்கே நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்திருக்கமாட்டீர்கள். முன்பு இறங்கிய பிரதியும் கைகொடுக்காது. மதுரை நண்பர் பார்ப்பதையே நீங்களும் பார்ப்பீர்கள். 'எனக்குத் தெரிகிறதே' என்ற வாதம் அங்கே அடிபட்டுப் போகும். லாகின் கேட்டால் அனுமதிதான் கோளாறு. பகிர்வு அமைப்பை 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்ற வேண்டும். அமேசானின் எஸ்3 கிடங்கில் 2023 ஏப்ரல் முதல் புதிதாகத் திறக்கும் எதுவும் பொதுமக்களுக்குப் பூட்டியே இருக்கும். உரிமையாளர்தான் திறந்துவிட வேண்டும்.

படம் வருகிறது, ஆனால் சுற்றிலும் 'டவுன்லோடு', 'ஷேர்' பொத்தான்களும் வருகின்றனவா? அப்படியானால் உங்கள் கையில் இருப்பது படத்தின் முகவரி அல்ல, படத்தைக் காட்டும் பக்கத்தின் முகவரி. கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் தரும் பகிர்வு லிங்குகள் இந்த வகைதான். சர்வர் 200 என்று, அதாவது 'எல்லாம் சரி' என்று பதில் சொல்லும். வருவதோ படமல்ல, ஒரு முழுப் பக்கம். படத்தை எதிர்பார்த்த பிரவுசர் கைவிரித்துவிடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 'கொச்சி' என்று படத்துக்குப் பெயர் வைக்கிறோம். யூனிகோடில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக விரியும். முதல் வகை 'கொச்சி' 54 எழுத்து நீளம், இரண்டாம் வகை 63. சர்வருக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து ஏற்றிய படத்துக்குச் செல்போனில் பெயரைத் தட்டி லிங்க் போட்டால் 404 வரக்கூடும். எத்தனை முறை எழுத்துக்கூட்டிப் பார்த்தாலும் பிழை அகப்படாது. ஆங்கிலப் பெயரிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பல சர்வர்கள் பொறுத்துக்கொள்வதில்லை. சிறிய ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சில சமயம் முகவரியும் அனுமதியும் சரியாகவே இருக்கும். படத்தின் வடிவம் ஒத்துவராது. 2017 முதல் ஐபோன்கள் எடுக்கும் 'எச்இஐசி' படங்களை ஆப்பிளின் சஃபாரி காட்டும், குரோம் காட்டாது. அதன் பெயரின் வாலை 'ஜேபிஜி' என்று திருத்துவதால் பயனில்லை. உள்ளடக்கத்தையே மாற்றிச் சேமிக்க வேண்டும்.

இன்னொரு வகைக் கோளாறு நம் கையில் இல்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசான் பொறியாளர் ஒருவர் ஒரு கட்டளையைத் தவறாகத் தட்டியதில், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நின்றுபோயின. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் இருந்த எஸ்3 சேவை சுமார் நான்கு மணி நேரம் தடுமாறியது. பல தளங்களில் படங்கள் காணாமல் போயின. சேவை நிலவரம் சொல்ல வேண்டிய அமேசானின் சொந்தப் பலகையையே புதுப்பிக்க முடியவில்லை, அதுவும் எஸ்3-ஐ நம்பி இருந்ததால்! இப்படி 5-இல் தொடங்கும் எண்கள் வந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அதே ஆண்டின் நடுவில் போட்டோபக்கெட் என்ற படச் சேமிப்பு நிறுவனம், தன்னிடம் உள்ள படங்களை வேறு தளங்களில் காட்ட ஆண்டுக்குச் சுமார் 400 டாலர் கட்ட வேண்டும் என்றது. பலர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த படங்கள் இருந்த இடத்தில் ஓர் அறிவிப்புப் படம் வந்து உட்கார்ந்தது. உரையாடல் செயலியான டிஸ்கார்டில் ஏற்றும் படத்தின் லிங்கை வெளியே ஒட்டினால் அது 24 மணி நேரத்தில் காலாவதியாகும். இலவச இடத்தின் விதியை இடத்துக்காரர் எந்த நாளும் மாற்றலாம்.

ஆகவே மூலப் படத்தின் ஒரு பிரதி உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். முடிந்தால் லிங்கை ஒட்டாமல், படத்தையே உங்கள் தளத்தில் ஏற்றுங்கள். படத்தைச் சேர்க்கும்போது 'மாற்று உரை' என்றொரு கட்டம் வரும். பலர் அதைக் காலியாக விடுகிறார்கள். 'வெண்டுருத்தி பாலம், வெலிங்டன் தீவு' என்று அதில் எழுதுங்கள். படம் வராத நாளில் அந்த எழுத்து வரும். பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் எல்லா நாளும் அதைத்தான் படித்துச் சொல்கிறது.