கருவி நின்றுவிட்டதா? சுவரிலிருந்து தேடுங்கள்!

செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடம், மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடம், பள்ளிக்கூடத்து அறிவியல் கூடம் என்று எத்தனையோ இடங்களில் இன்று நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். திடீரென்று ஒரு கருவி நின்றுவிட்டால் அவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சிலர் “கெட்டுப்போய்விட்டது” என்று மேலதிகாரியிடம் ஓடுவார்கள். துணிச்சல்காரர்களோ திருப்புளியை எடுத்துப் பெட்டியையே திறந்துவிடுவார்கள். முதலாவதால் வேலை கெடும். இரண்டாவதால் உயிரே போகலாம். மின்சாரம் வரும் பாதையைச் சுவரிலிருந்து கருவி வரை படிப்படியாகப் பார்ப்பதே நல்ல வழி.

சுவரும் வயரும்

கருவியின் பிளக்கைக் கழற்றி, அதே இடத்தில் நன்றாக எரியும் மேசை விளக்கு ஒன்றைச் செருகுங்கள். விளக்கு எரியாவிட்டால் கருவியின்மேல் பழி போடாதீர்கள். மெயின் சுவிட்சுப் பெட்டியில் விசை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அந்தப் பகுதியின் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, விசையை ஒரு முறை ஏற்றி, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகியதும் விசை விழுகிறதோ, அதை ஒதுக்கி வையுங்கள். பல மாதம் சும்மா கிடந்த உலர்த்தும் அடுப்பில் இப்படி நேர்வதுண்டு. அதன் சூட்டுக் கம்பிக்குள் ஈரம் ஏறியிருக்கும்.

விளக்கு எரிந்தால் வயரைக் கவனியுங்கள். பல கருவிகளில் வயரைப் பின்புறம் கழற்றலாம். அதே வகையான நல்ல வயரை மாற்றிப் பாருங்கள். இரத்தக் குழாய்களைச் சுழற்றும் கருவியானால், மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி பூட்டாவிட்டால் அது சுழலாது.

பியூஸ் சொல்லும் செய்தி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள மூன்று கால் பிளக்கின் உள்ளேயே ஒரு பியூஸ் உண்டு. அதன் கணக்கு எளிது. கருவியில் எழுதியுள்ள வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் அடுப்புக்குச் சுமார் 9 ஆம்பியர். ஆகவே 13 ஆம்பியர் பியூஸ் வேண்டும். 60 வாட் நுண்ணோக்கிக்குக் கால் ஆம்பியர்தான். 3 ஆம்பியர் பியூஸ் போதும்.

கருவியின் பின்புறத்திலும் சிறு பியூஸ் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகே அதைத் தொடவேண்டும். அதில் ‘டி’ என்றிருந்தால் மெதுவாக உருகுவது. ‘எஃப்’ என்றிருந்தால் உடனே உருகுவது. அதே எழுத்தும் அதே ஆம்பியரும் உள்ளதையே போடுங்கள்.

புதிய பியூஸும் உடனே போய்விட்டால் அத்தோடு நிறுத்துங்கள். உள்ளே கோளாறு என்று அது சொல்கிறது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றியும், செப்புக் கம்பியை வைத்தும் அதன் வாயை அடைப்பது கொலைக்குச் சமம். உருக வேண்டிய பியூஸ் உருகாவிட்டால் வயர் எரியும். பிறகு கட்டடமே எரியும்.

அதுபோலவே பச்சை மஞ்சள் நிற எர்த் கம்பியை ஒருபோதும் வெட்டாதீர்கள். உள்ளே மின்கம்பி அறுந்து இரும்புப் பெட்டியில் பட்டால், அந்த மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பி, பியூஸை உருகச் செய்வது அதுதான். அது இல்லையென்றால் பெட்டியைத் தொடுகிறவர் உடல் வழியே மின்சாரம் பாயும்.

வெளிநாட்டுக் கருவிகள்

அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். அங்கிருந்து வந்த கருவியின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் விசை இருக்கலாம். அது 115-இல் இருக்கும்போது இங்கே செருகினால் கருவி பாழாகும். விசையே இல்லாவிட்டால், பெயர்ப் பலகையில் உள்ள வோல்ட்டைப் படித்த பிறகே செருகுங்கள்.

எங்கே நிறுத்துவது?

இவ்வளவும் பார்த்த பிறகும் கருவி ஓடாவிட்டால், திருகுகளைக் கழற்ற வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். என்னென்ன பார்த்தோம், எப்போது நின்றது, வாசனை ஏதும் வந்ததா என்பதைத் தாளில் எழுதி, பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அவருடைய பாதி வேலை முடிந்துவிடும்.

நம் ஊரில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. வேலை முடிந்ததும், ஓயாமல் ஓடவேண்டிய குளிர்பெட்டி போன்றவை தவிர, மற்றவற்றின் பிளக்கைக் கழற்றி வைப்பது நல்லது.

கருவி போனால் வேறொன்று வாங்கலாம். வீட்டில் காத்திருக்கும் தாய்க்குப் பிள்ளை ஒன்றுதான்!