எல்லையோர ஆஸ்பத்திரிகள் – 7: வராதவர் கணக்கு

கள்ளிக்காடு என்றதும் நம்மில் பலருக்கு வைகை அணையும் வைரமுத்துவின் நாவலும்தான் நினைவுக்கு வரும். இது வேறு கள்ளிக்காடு. திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலை அடிவாரத்தில் இருக்கிறது. தற்செயலாக இங்கேயும் ஓர் அணை உண்டு. 1958-ல் நெய்யாற்றின் குறுக்கே கட்டி முடித்தது. அதன் இடதுகரைக் கால்வாய் வழியாக தமிழ்நாட்டின் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரை 2004-ல் கேரளம் நிறுத்திவிட்டது. தண்ணீர் நின்றதே தவிர நோயாளிகளின் போக்குவரத்து நிற்கவில்லை. கேரளத்துப் பாறசாலைக்காரர் எல்லை தாண்டிக் குழித்துறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்காரர் காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார். மூட்டுவலிக்கு ஒரு மாநிலம், சுகருக்கு இன்னொரு மாநிலம் என்று வைத்திருப்பவர்களும் உண்டு.

சென்ற வாரம் குமரி மாவட்டத்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்தோம். எவரெஸ்ட்டிலிருந்து இறங்கி வந்த டாக்டர் சாமர்வெல், குடல்புண்ணோடு வந்து குவிந்த ஏழைகளுக்குக் கத்தி பிடித்த கதையைப் பார்த்தோம். அங்கே நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வந்தார். ஏறக்குறைய அதே காலத்தில், அதே திருவிதாங்கூருக்குள், நெய்யாற்றின்கரையில் இதற்கு நேர்மாறான ஒரு யோசனை முளைத்தது. அதன் வேர் இலங்கையில் இருக்கிறது. அங்கே தோட்ட வேலைக்குப் போன நம் ஆட்களின் காலடியில் என்றே சொல்லலாம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1916 வாக்கில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. கொக்கிப்புழு பெரும்பாலும் வாய்வழியாக நுழைவதில்லை. மலம் கலந்த ஈரமண்ணில் குஞ்சு பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். குடலில் தொற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆள் சோகை பிடித்து வெளிறிப்போவார், மூச்சு வாங்கும், கொழுந்துக் கூடை கனக்கும். வேலை வாங்கும் கங்காணியின் கணக்கில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

கீனோபோடியம் எண்ணெயைக் கொடுத்து, பின்னாலேயே பேதிக்குக் கொடுத்தார்கள். புழு விழுந்தது, ஆட்கள் தேறினார்கள், அறிக்கை நன்றாக வந்தது. சில மாதங்களில் மறுபடி புழு. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கக்கூஸ் இல்லை. கட்டித்தரத் தோட்டத்துரைமார் பலருக்கு மனமும் இல்லை. மருந்துக்கு ஆகும் செலவைப் பொறுத்துக்கொண்டவர்கள் குழி தோண்டும் செலவுக்குக் கணக்குப் பார்த்தார்கள். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, நோயும் அப்படியே இருந்தது. ஒரு மருத்துவ அமைப்பு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள இதைவிட வசதியான வழி கிடையாது.

இந்தத் தோல்வியிலிருந்து பிறந்ததுதான் சுகாதார யூனிட். 1926-ல் களுத்துறையில் முதல் யூனிட் தொடங்கியது. யோசனை எளிது. நாடு முழுக்க ஒரு நோயைத் துரத்துவதை விட்டுவிட்டு, ஒரு சிறு வட்டாரத்தை எல்லை கட்டி எடுத்துக்கொள்வது. அதற்குள் உள்ள ஒவ்வொரு பிறப்பும், சாவும், கர்ப்பமும், பள்ளிப்பிள்ளையும், கக்கூஸும் யூனிட்டின் பொறுப்பு. மருத்துவ அதிகாரி ஒருவர், அவருக்குக் கீழே நர்ஸ்கள், மருத்துவச்சிகள், சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள். இவர்களின் வேலை பெரும்பாலும் நடை.

இலங்கையில் இந்த வேலையில் இருந்த டாக்டர் டபிள்யூ. பி. ஜேகாக்ஸ் 1928-ல் திருவிதாங்கூர் வந்தார். ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாயின் ஆட்சிக்காலம் அது. கொக்கிப்புழுவும் யானைக்காலும் எங்கெங்கே எவ்வளவு என்று ஆய்வுகள் நடந்தன. தென்னந்தோப்பும் ஈரமும் வெறுங்காலும் சேர்ந்த ஊரில் முடிவு என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1930-களில் நெய்யாற்றின்கரையில் சுகாதார யூனிட் வந்தது. இந்தியாவில் பின்னால் பூந்தமல்லியிலும் சிங்கூரிலும் வந்த மாதிரி யூனிட்களின் வரிசையில் வைத்துச் சொல்லப்படும் பெயர் இது. 1946-ல் இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பரிந்துரைத்தபோது அதன் பின்னால் இப்படிப்பட்ட யூனிட்களின் அனுபவம் இருந்தது. 1985-ல் அதே ராக்ஃபெல்லர் நிறுவனம் இத்தாலியில் ஒரு கூட்டம் போட்டு, குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் கண்ட இடங்கள் என்று நான்கைப் பட்டியலிட்டது. அதில் இரண்டு, இலங்கையும் கேரளமும். தாங்கள் விதைத்தது என்று அவர்கள் மார்தட்டிக்கொண்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளிக்கூடமும், நிலச்சீர்திருத்தமும், கேள்வி கேட்கும் சனங்களும் இல்லாமல் எந்த யூனிட்டும் இங்கே வேர் பிடித்திருக்காது.

யூனிட்டின் புதுமை எந்தக் கருவியிலும் இல்லை. வாசலுக்கு வந்தவர்களை விட்டுவிட்டு, வராதவர்களிலிருந்து அது கணக்கைத் தொடங்கியது. பேரேட்டில் நூறு கர்ப்பிணிகள் இருந்து எழுபது பேர் வந்தால், மீதி முப்பது பேரின் வீடு எங்கே என்று மருத்துவச்சி தேடிப் போக வேண்டும். இன்று மருத்துவத் தரம் பற்றிப் பேசுகிற பலர் இந்த முப்பதைத் தவறவிடுகிறார்கள்.

இப்போதைய கதைக்கு வருவோம். கேரள அரசு 2017-ல் ஆர்த்ரம் திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்ற ஆரம்பித்தது. முதல் கட்டத்தில் 170. டாக்டர், நர்ஸ் எண்ணிக்கை கூடியது, லேப் வந்தது, உட்கார நாற்காலி வந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன மாற்றம்: ஓ.பி. நேரம் மாலை ஆறு வரை நீண்டது. வெள்ளறடை, அம்பூரி, கள்ளிக்காடு பக்கம் ரப்பர் வெட்டுகிறவரின் நாளை யோசித்துப் பாருங்கள். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போகிறார். வெட்டி முடித்து, பால் வடியக் காத்திருந்து, எடுத்து ஊற்றி, ஷீட் அடித்துக் கை கழுவும்போது காலை ஓ.பி. முடியும் நேரம். பிரஷர் பார்க்க வேண்டுமென்றால் ஒருநாள் பாலை விட வேண்டும். விடுவாரா? மாலை ஓ.பி. அவருக்காகவே திறந்த கதவு.

கூடவே மதிப்பெண்ணும் வந்தது. மத்திய அரசின் தேசியத் தர உறுதிச் சான்றுக்கு மதிப்பீட்டாளர்கள் நேரில் வருவார்கள். பார்த்து, பதிவேடு புரட்டி, ஊழியரிடமும் நோயாளியிடமும் கேட்டு, எட்டுத் தலைப்புகளில் மார்க் போடுவார்கள். காசர்கோட்டுக் கையூர் மையம் 99 சதவீதம் வாங்கி நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. சின்ன சாதனை இல்லை. ஊசிக்கழிவு எந்த நிறப் பையில் போகிறது, பிரசவ அறையில் கை கழுவும் இடம் எங்கே என்பதை யாராவது வந்து கேட்டால்தான் அது சரியாக நடக்கும். அரசு ஆஸ்பத்திரிக்கு மார்க் எதற்கு என்று கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த மார்க் எதை அளக்கிறது? அவெடிஸ் டொனபெடியன் என்ற பெய்ரூட்டில் பிறந்த மருத்துவர், 1966-ல் எழுதிய கட்டுரையில் மருத்துவத் தரத்தை மூன்றாகப் பிரித்தார்: என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், என்ன விளைகிறது. முதல் இரண்டும் கட்டடத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது வீடுகளில் இருக்கிறது. தரச் சான்றின் படிவத்தில் வெளிப்பணிக்கும் விளைவுக்கும் இடம் உண்டுதான். ஆனாலும் மதிப்பீட்டாளரின் கண் பெரும்பாலும் மதிலுக்கு உள்ளேயே சுற்றுகிறது.

வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு டாக்டர் இருந்தார். மருத்துவம் அதிகம் தேவைப்படுகிறவனுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதிப் பெயர் பெற்றவர். அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. தன் பட்டியலில் இருந்த கிராமத்துப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும், உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்களுக்கும்கூட, பிரஷர் பார்க்கக் கிளம்பினார். ஏறக்குறைய எல்லோரும் வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. வராத மிச்சம் பேரைத் தேடிப் போனார். 25 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, 65 வயதுக்குள் சாகிறவர்கள் பக்கத்துக் கிராமத்தைவிட அங்கே குறைவாக இருந்தார்கள். நெய்யாற்றின்கரை மருத்துவச்சி செய்ததும் இதே வேலைதான். பிரஷர் மெஷின் மட்டும் இல்லை.

கேரளத்துக்கு இந்தப் பாடம் மறக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். 2008-ல் வலிதணிப்புக்கென்று கொள்கை வகுத்த முதல் மாநிலம் அது. படுத்த படுக்கையானவர் வீட்டுக்குப் பஞ்சாயத்தின் நர்ஸ் போகிறார். 2022-லிருந்து ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் ‘சைலி’ செயலியோடு வீடு வீடாகப் போய், முப்பது வயது தாண்டியவர்களிடம் பிரஷர், சுகர் போன்றவை பற்றி விசாரிக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நம்மிடம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இரண்டு மாநிலங்களும் தனித்தனியே நடந்து, அந்தப் பழைய யூனிட்டின் வாசலுக்கே திரும்பி வந்திருக்கின்றன.

ஆனால் அந்த நடை யாருடைய காலில்? திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் 2025 பிப்ரவரி 10 அன்று போராட்டத்தில் உட்கார்ந்த ஆஷா சேச்சிகள் மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. அப்போது அவர்களின் மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய், கேட்டது 21,000. தரச் சான்றிதழ் பெற்ற மையத்துக்கு மூன்று ஆண்டு ஊக்கத்தொகை உண்டு. வராதவரைத் தேடிப் போகிறவரின் சம்பளம் அந்தக் கணக்கில் வராது.

எல்லைக்கே உரிய சிக்கல் ஒன்று மிச்சமிருக்கிறது. பாறசாலைப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரே மாத்திரை வாங்கவில்லை என்று இருந்தால் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டாரா, குழித்துறையில் வாங்குகிறாரா? நெய்யாற்றின்கரைப் பெண் தலைப்பிரசவத்துக்கு மார்த்தாண்டத்துத் தாய்வீட்டுக்குப் போனால் கேரளப் பேரேட்டில் அவள் விடுபட்டவள், தமிழ்நாட்டுப் பேரேட்டில் புதிதாக முளைத்தவள். இரண்டு மாநிலத்துச் செயலிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. எல்லை பிரிந்த 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த பக்கத்துத் தாலுகாக்கள்.

தேசிய சுகாதார அடையாள எண் எல்லாவற்றையும் ஒருநாள் இணைக்கும் என்கிறார்கள். இணைக்கட்டும். அதுவரை, கேரளத்துக் குன்னத்துக்கால் பக்கத்து நர்ஸும் எல்லைக்கு இப்பால் உள்ள கிராம சுகாதார செவிலியரும், சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, கர்ப்பிணிகளின் பெயரையும் பிரஷர், சுகர்காரர்களின் பெயரையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் போனில் பேசிக்கொள்ளத் தடையில்லை. மொழியும் தடையில்லை, இங்கே எல்லோருக்கும் இரண்டும் தெரியும். வேண்டியது ஓர் அனுமதிக் கடிதம். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஒருவர் திருவனந்தபுரத்தில் இருக்கிறார், இன்னொருவர் சென்னையில்.

(தொடரும்)