காதுக்குள்ளே ஆடிக்காற்று!

இயர்போனைக் காதுக்குள் செருகும்போது 'மொறுக்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறீர்களா? சிப்ஸ் பாக்கெட்டை யாரோ காதுக்குள் கசக்கின மாதிரி? கேட்டிருந்தால் மேலே படியுங்கள். கேட்காதவர்களும் படிக்கலாம், காசா பணமா!

அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதும் என் நண்பன், போனஸ் பணத்தில் இயர்போன் வாங்கினான். மூன்றாம் நாள் போன். "மாப்ள, மாட்டும்போதெல்லாம் இடது காதுல மொறுக்குங்குதுடா. உள்ள என்னமோ உடைஞ்சு போச்சு!" வாங்கின கடையில் காட்டினானாம். "தண்ணி போயிருச்சு தம்பி, வேற வாங்கிக்கங்க" என்று முடித்துவிட்டார்கள். கிணற்றிலேயே தண்ணீர் இல்லாத சீமையில் இயர்போனுக்குள் மட்டும் எப்படி ஐயா தண்ணீர் போகும்?

விஷயம் தண்ணீர் இல்லை, காற்று. இதற்குப் பெயர் 'டிரைவர் ஃப்ளெக்ஸ்'. டிரைவர் என்றதும் திருச்சுழி பஸ்ஸை ஓட்டுகிறவரை நினைக்க வேண்டாம். இயர்போனுக்குள் ஒரு குட்டிக் காந்தம், ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டிரைவர். சவ்வு அதிர்ந்தால் பாட்டு. தலைமுடியை விட மெல்லிசான சவ்வு அது!

நுனியில் இருக்கும் ரப்பர் காதுத் துவாரத்தைக் கார்க் மாதிரி அடைக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று எங்கே போகும்? ஒரு பக்கம் உங்கள் செவிப்பறை, மறுபக்கம் அந்தச் சவ்வு. இளைத்தவன் சவ்வுதான், வளைகிறது. அந்த வளைவின் ஓசைதான் 'மொறுக்'.

ஆடி மாதம் அருப்புக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள். பொட்டல் காட்டுக் காற்றுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் படபடவென்று அடித்துக்கொள்ளும். விவரமான ஆள் என்ன செய்வார்? பேனரில் அங்கங்கே பிளேடால் பிறைபோலக் கீறிவிடுவார். காற்று வழியாகப் போய்விடும், பேனரில் சிரிக்கிற முகம் தப்பிக்கும். இயர்போனிலும் அப்படி ஊசிமுனை அளவில் துவாரம் வைக்கிறார்கள். 2019-ல் வந்த ஆப்பிள் ஏர்பாட்ஸ் புரோவில் காற்றழுத்தத்தைச் சமன் செய்யவே தனி வழி உண்டு.

அப்படியானால் எல்லாரும் பெரிய துவாரமாகவே வைக்கலாமே? நான் பி.காம். படித்தவன், வரவு என்றால் செலவும் உண்டு. துவாரம் பெரிதானால் தவில் சத்தத்தின் கனம் போய்விடும், வெளி இரைச்சலும் உள்ளே வரும். அதனால் சிக்கனமாக வைக்கிறார்கள். அகலமான சவ்வே இல்லாத 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' வகையில் இந்தத் தொந்தரவு பெரும்பாலும் கிடையாது. அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-ல் கொண்டுவந்த ஈஆர்-4 அந்த ஜாதி.

சரி, நண்பனுக்கு என்ன வைத்தியம்? ஒரு கையால் காது மடலை மேலே, பின்பக்கமாக இழு. மறு கையால் இயர்போனை மெதுவாகத் திருகியபடி செருகு. துவாரத்தை விரலால் அடைக்காதே. அழுக்கு எடுக்கிறேன் என்று ஊக்கால் குத்தவே குத்தாதே. அப்படியும் மொறுக்கினால் ஒரு சைஸ் சின்ன ரப்பரோ, ஸ்பாஞ்ச் நுனியோ மாட்டிப் பார். செருகும்போது மட்டும் சத்தம் வந்து, பிறகு பாட்டு சுத்தமாகக் கேட்டால் எதுவும் உடையவில்லை. ஒரு பக்கம் சத்தம் குறைந்தால், கழற்றி நிதானமாக மாட்டு. சவ்வு பழையபடி நிமிர்ந்துவிடும். நிமிராமலே இருந்தாலோ, பாட்டின் நடுவே கரகரத்தாலோதான் கோளாறு. அப்போது வாரண்டி சீட்டோடு கடைக்குப் போ.

"அட, காத்தடைக்காத பழைய மாடலே வாங்கியிருக்கலாமோ?" என்றான். தறிச் சத்தத்துக்கு நடுவே அது நஷ்டக் கணக்கு. இரைச்சலை ஜெயிக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவான். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பத்திரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது நன்றாக அடைபட்டால் குறைந்த வால்யூமே போதும். ஆக, அந்த 'மொறுக்' நல்ல அடைப்புக்குக் கொடுக்கிற சின்னக் கமிஷன்.

ஆனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு திருச்சுழி ரோட்டில் பைக் மட்டும் ஓட்டாதீர்கள். ரமணர் 1879-ல் பிறந்த ஊர் அது. மௌனத்தாலேயே உபதேசம் செய்தவர் அவர். பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரனால்தான் செய்வார்!